பிள்ளை ஏன் தளர்ந்திருக்கிறாள்: நாங்கள் காரணம் தேடிய கதை

மகளுக்கு உடம்பு தளர்ச்சி என்று கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "எம்ஆர்ஐ எடுத்தாச்சோ?" என்பதுதான். உவர்மலையில் இருக்கும் அத்தை கேட்டார். கனடாவில் இருந்து மச்சான் கேட்டார். கிளினிக்குக்குப் போகும் வழியில் ஓட்டோக்காரர்கூடக் கேட்டார். எடுத்தோம்தான். ஆனால் காரணத்தைக் காட்டிக்கொடுத்த பரிசோதனைக்குக் கரண்டும் தேவைப்படவில்லை, காசும் தேவைப்படவில்லை. ஒரு டொக்டர் என் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார், அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை எழுதிவைக்கிறேன். திருகோணமலையில் இருந்து கண்டிக்கும் கொழும்புக்கும் பைலோடு அலையும் தாய் தகப்பன்மாருக்கு எதைக் கேட்பது, எதைக் கையில் கொண்டுபோவது என்றாவது தெரியட்டும்.

மகள் வயிற்றில் இருக்கும்போதே சில விஷயங்கள் வித்தியாசமாக இருந்தன. மனைவியின் வயிறு மாதத்துக்கு மீறிப் பெரிதாக இருந்தது. பனிக்குடத் தண்ணீர் கூடுதல் என்று ஸ்கானில் சொன்னார்கள். சீனி வருத்தமோ என்று பார்த்தார்கள், அது இல்லை. பிள்ளைத் துடிப்பும் குறைவு. "பொம்பிளைப் பிள்ளை, அமைதியாத்தான் இருக்கும்" என்று மாமி சமாதானம் சொன்னார். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளை அந்தத் தண்ணீரை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், விழுங்கும் தசைக்குப் பலம் போதாவிட்டால் தண்ணீர் தேங்கிவிடும் என்பதெல்லாம் பிறகு ஒரு டொக்டர் விளக்கித்தான் தெரிந்தது.

நாள் முந்தி, அவசரமாக சிசேரியன் செய்தார்கள். முழு மயக்கம் கொடுத்திருந்தார்கள். மற்றத் தாய்மார் எழும்பி இருந்து கதைத்த நேரத்திலும் மனைவிக்குச் சரியாகத் தெளியவில்லை. களைப்பு என்றார்கள். மகள் அழவில்லை. மூச்சுக்குழாய் போட்டு நேரே பிபியுவுக்கு, அதாவது மாதம் குறைந்த, சுகமில்லாத பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. பாலை உறிஞ்சத் தெரியவில்லை. மூக்கால் ரியூப் விட்டு, கறந்த பாலை அதற்குள்ளால் இறக்கினார்கள்.

வீட்டுக்கு விடும்போது டயக்னோசிஸ் கார்டில், பிறக்கும்போது மூச்சுத்திணறல் ஏற்பட்டதால் மூளை பாதிப்பு என்று ஒரு வரி எழுதியிருந்தது. அந்த வரி மாதக்கணக்காக எங்களோடு வந்தது. புதிதாக யாரிடம் போனாலும் கார்டை வாங்கிப் பார்ப்பார், அந்த வரிக்கு வருவார், தலையை ஆட்டுவார், பிசியோ செய்யச் சொல்வார், முடிந்தது. மூச்சு விடாததால் பிள்ளை தளர்ந்ததா, தளர்ந்த தசையோடு பிறந்ததால் மூச்சு விடவில்லையா என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இதில் யாரையும் குறை சொல்லி எழுத எனக்கு விருப்பம் இல்லை. தளர்ந்த பிள்ளைகளில் பத்துக்கு ஆறு, ஏழு பேருக்கு அல்லது அதற்கு மேலும் கோளாறு மூளைப் பக்கம்தான் இருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அப்படி இருக்க முதலில் அதை நினைப்பது இயல்புதான். ஆனால் ஒன்றைப் பெற்றோர் கேட்கலாம்: "பிரசவத்தில் மூச்சு முட்டுகிற மாதிரி என்ன நடந்தது?" தொப்புள்கொடி சிக்கியதா, இரத்தம் போனதா, பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கியதா? அப்படி ஒன்றும் நடக்காமல் பிள்ளை மூச்சு விடவில்லை என்றால், வேறு காரணம் தேட வேண்டிய பிள்ளை அது.

கொழும்பில் சிறுவர் நரம்பியல் டொக்டரைப் பார்க்க இரவு ரயிலில் போனோம். மகளுக்கு அப்போது நாலு மாதம் தாண்டியிருந்தது. டொக்டர் சிங்களவர், தமிழ் கொஞ்சம் விளங்கும். மிச்சத்தைத் தமிழ் தெரிந்த ஒரு நேர்ஸ் மிஸ் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் எம்ஆர்ஐ படத்தை நீட்டினோம். அதை மேசையில் வைத்துவிட்டு, "உடுப்பைக் கழட்டிப் பிள்ளையைக் கட்டிலில் வையுங்கோ" என்றார். தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். மகள் மல்லாந்து கிடந்தாள். தொடைகள் இரண்டும் வெளிப்பக்கமாக விரிந்து கட்டிலில் ஒட்டிக் கிடந்தன, கைகளும் அப்படியே.

அதற்குப் பிறகு செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு கையையும் பிடித்து மெல்ல இழுத்து இருத்தினார். தலை பின்னுக்கு விழுந்து, கடைசி வரைக்கும் உடம்போடு சேர்ந்து வரவில்லை. அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கினார். தோள் மேலே போக, பிள்ளை கைக்குள்ளால் நழுவப் பார்த்தாள். வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக் கவிழ்த்துத் தூக்கியபோது தலை ஒரு பக்கமும் கால்கள் மறுபக்கமும் கீழே தொங்கின. சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார், கால் அசையவே இல்லை என்று சொல்லலாம். உள்ளங்காலைச் சுண்டினார். மகள் அழுதாள், ஆனால் காலை இழுக்கவில்லை. அழும்போது முகத்தைத்தான் அவர் உற்றுப் பார்த்தார். சத்தம் வந்தது, முகம் சுருங்கவில்லை. மேல் உதடு நடுவில் உயர்ந்து கூடாரம் அடித்தாற்போல் நின்றது. அதை நாங்கள் அழகு என்று நினைத்திருந்தோம்.

தளர்ச்சி வேறு, பலவீனம் வேறு என்று அவர் அப்போது சொன்னார். கையைக் காலை நாங்கள் அசைக்கும்போது தசை எவ்வளவு எதிர்த்துப் பிடிக்கிறது என்பது ஒன்று. பிள்ளை தானாக எவ்வளவு பலத்தோடு தூக்குகிறது என்பது இன்னொன்று. மூளைப் பக்கத்துக் காரணம் என்றால் பெரும்பாலும் உடம்பு தளர்ந்திருக்கும், ஆனால் கிள்ளினால் காலை வெடுக்கென்று இழுக்கும். சுத்தியலுக்குக் கால் துள்ளும். விழிப்புக் குறைவாக இருக்கலாம், வலிப்பு வரலாம். நரம்பு, தசைப் பக்கம் என்றால் கண் பளிச்சென்று ஆளைத் தொடரும், கையோ காலோ கட்டிலை விட்டு எழும்பாது, சுத்தியலுக்கும் பதில் குறைவாக இருக்கும் அல்லது இருக்காது. மகளிடம் இரண்டும் கலந்த மாதிரி இருந்தது, ஆனால் பலவீனம் தெளிவாகத் தெரிந்தது. அதுதான் கார்டில் இருந்த வரியோடு ஒத்துப்போகவில்லை.

கேள்விகள் அடுத்து வந்தன, நீளமாக. வயிற்றில் துடிப்பு எப்படி? தண்ணீர் கூடவா? இருவரும் சொந்தமா? இரண்டு பக்கத்திலும் சின்னதில் இறந்த பிள்ளைகள் உண்டா? நடக்கப் பிந்தியவர்கள் உண்டா? பிறந்ததும் நாக்கில் தேன் தொட்டு வைத்தீர்களா? இந்தத் தேன் கேள்வி மாமிக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது வெறும் உபதேசம் இல்லை. தேனில் இருக்கும் ஒரு கிருமியின் வித்து சில பிள்ளைகளின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். நல்லாக இருந்த பிள்ளைக்கு முதலில் மலச்சிக்கல், பிறகு கண் இமை சரியும், அழுகைச் சத்தம் குறையும், உடம்பு துவளும். ஒரு வயது முடியும் வரை தேன் வேண்டாம் என்பதற்கு அதுதான் காரணம். இங்கே தமிழ், முஸ்லிம் வீடுகள் இரண்டிலும் பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டுவைக்கும் பழக்கம் இருப்பதால் இதை விட்டுவிட்டுப் போக மனமில்லை.

கையோடு பார்த்துத் திருத்தக்கூடிய காரணங்களை முதலில் கழித்துவிட வேண்டும் என்பது அந்த டொக்டரின் முறை. கிருமித்தொற்று, சீனி குறைதல், தைரொயிட். பிறந்தவுடன் குதிக்காலில் எடுத்த இரத்தத்தில் தைரொயிட் சரி என்று வந்திருந்தாலும் பிள்ளை தளர்ந்திருந்தால் மறுபடி பார்க்கலாம். தாய் மச்சம் மாமிசம், முட்டை, பால் ஒன்றும் தொடாத சைவம் என்றால் தாய்ப்பாலில் பி12 குறைந்து, நாலைந்து மாதத்தில் பிள்ளை தளர்ந்துபோகலாம். ஊசி போட்டால் திரும்பக்கூடிய காரணம் அது, தவறவிட்டால் மூளைக்கு நட்டம். வைட்டமின் டி குறைவும் தசையைத் தளர்த்தும். எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாள் இல்லை, அதனால் பி12 கேள்வி சீக்கிரம் முடிந்தது.

சரி, கைக்கு வருகிறேன். எழுதிக்கொண்டிருந்த டொக்டர் திடீரென்று பேனாவை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்து, "அம்மா, என்ர கையை இறுக்கிப் பிடியுங்கோ" என்றார். பிடித்தாள். "இப்ப உடன விடுங்கோ." விட்டாள், ஆனால் விரல்கள் விடவில்லை. சின்னவிரல் முதலில், பிறகு ஒவ்வொன்றாக, மெல்ல மெல்லப் பிரிந்தன. டொக்டர் இன்னொரு முறை கேட்டார். பிறகு அந்தச் சின்னச் சுத்தியலால் பெருவிரலின் அடிச் சதையில் ஒரு தட்டுத் தட்டினார். பெருவிரல் உள்ளே மடங்கி, அங்கேயே கொஞ்சம் நின்று, பிறகுதான் திரும்பியது. கண்ணை இறுக்கி மூடித் திறக்கச் சொன்னார். இமையும் அப்படியே, தாமதமாகத்தான் திறந்தது.

எனக்கு அது புதிதில்லை. தேங்காய் துருவி முடித்தபின் கையில் இருக்கும் பாதியை விட மனைவிக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். மழைக்காலத்துக் காலையில் இன்னும் கூடுதலாக எடுக்கும். நாலைந்து தரம் கையை மூடித் திறந்தால் சரியாகிவிடும் என்று அவளே சொல்வாள். மூட்டு வருத்தம் என்று எண்ணெய் தடவுவோம். பிள்ளையின் தளர்ச்சிக்கும் இதற்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

"உங்கட அப்பா அம்மாவில யாருக்கும் இள வயதில கண்ணில வெண்புரை வந்ததா?" என்று அடுத்த கேள்வி. மாமாவுக்கு, அதாவது மனைவியின் அப்பாவுக்கு வந்தது. துறைமுகத்தில் வேலை செய்த காலத்திலேயே, நாற்பதைத் தாண்டியவுடன் இரண்டு கண்ணுக்கும் ஒப்பரேஷன். இந்த வயதில் வெண்புரையா என்று அப்போதே கேட்டார்களாம். முன்தலை வழுக்கையும், சாப்பிட்டவுடன் கதிரையில் இருந்தபடி உறங்கிவிடுவதும் அவருடைய சுபாவம் என்றே இருந்தோம். எல்லாம் ஒரே நோயின் துண்டுகள். மாமாவிடம் கண்ணில், மகளிடம் கையில், பேத்தியிடம் பிறக்கும்போதே உடம்பு முழுக்க.

மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி என்பது நோயின் பெயர். 19ஆவது குரோமோசோமில் ஒரு மரபணுவில் மூன்று எழுத்துகள் திருப்பித் திருப்பி வருகின்றன, ஒரு பிள்ளை கொப்பியில் ஒரே சொல்லை எழுதிக்கொண்டே போவதைப் போல. சாதாரணமாக 5 முதல் 34 தரம் வரை. ஐம்பதைத் தாண்டினால் நோய். பிறக்கும்போதே தளர்ந்திருக்கும் பிள்ளைகளில் அது ஆயிரத்தையும் தாண்டிவிடும். தலைமுறைக்குத் தலைமுறை நீண்டுகொண்டு போவதால் தாத்தாவுக்கு லேசாக, பேத்திக்குக் கடுமையாக வருகிறது. பிறவியிலேயே வரும் இந்தக் கடுமையான வகை அநேகமாக எப்போதும் தாய்வழியில்தான். அந்த மரபணுக் கோளாறு 1992இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. கை விடாத அந்த அடையாளம் கைக்குழந்தையிடம் தெரியாது என்பதால்தான் டொக்டர் தாயின் கையைப் பிடித்திருக்கிறார்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். "ஜெனட்டிக் டெஸ்ட் செய்தாச்சு, ஒன்றும் இல்லை" என்று பலர் சொல்கிறார்கள். எங்களுக்கும் முதலில் குரோமோசோம் எண்ணிப் பார்க்கும் பரிசோதனை செய்து, நோர்மல் என்று வந்தது. அது டவுன் சின்ட்ரோம் போன்றவற்றைக் காட்டும். எங்கள் நோயைக் காட்டாது. ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரேயடியாகப் படிக்கும் விலைகூடிய எக்ஸோம் பரிசோதனையும் இந்த நீண்ட திருப்பங்களைப் பெரும்பாலும் தவறவிடும். இதற்கென்று தனிப் பரிசோதனை உண்டு. அதேபோல, பிறந்ததும் உறிஞ்சத் தெரியாமல் தளர்ந்து, பிறகு வளர வளர அடங்காத பசி எடுக்கும் பிராடர் வில்லி நோய்க்கு மெத்திலேஷன் என்று வேறு பரிசோதனை. முதுகுத்தண்டு நரம்புக் கலங்கள் அழியும் எஸ்எம்ஏ நோய்க்கு எஸ்எம்என்1 மரபணுவைத் தனியாகப் பார்க்கும் பரிசோதனை. ஆகவே "ஜெனட்டிக் செய்வோமா?" என்று கேட்பதைவிட, "எந்த நோயை நினைத்து எந்தப் பரிசோதனை, அது எதைக் காட்டாது?" என்று கேளுங்கள். ஆயிரக்கணக்கில் காசு மிஞ்சும்.

எஸ்எம்ஏ பற்றி இன்னொரு வார்த்தை. கண் நல்ல விழிப்பாக இருந்து, நாக்கின் ஓரம் புழு நெளிகிற மாதிரி துடித்து, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே போய் வயிறு வெளியே வந்தால் அடுத்த மாதக் கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். 2016இன் கடைசியில் இருந்து அதற்கு மருந்துகள் வந்திருக்கின்றன. விலை கண்ணைக் கட்டும்தான். ஆனாலும் நாளாக ஆக அழிந்துபோகும் நரம்பை எந்த மருந்தும் திருப்பித் தராது.

எம்ஆர்ஐக்கு என்ன ஆனது என்றால், மூளைக்குள் நீர் இருக்கும் அறைகள் கொஞ்சம் பெரிது என்றிருந்தது, இந்த நோயிலும் அப்படி இருக்கலாமாம். தசை நொதியைப் பார்க்கும் சிபிகேயும் ஏறக்குறைய நோர்மல். மனைவியின் இரத்தமும் மகளின் இரத்தமும் தனிப் பரிசோதனைக்குப் போய், வாரக்கணக்கில் காத்திருந்து, முடிவு வந்தது. டொக்டர் சொன்னதே சரி.

முடிவு வந்த பிறகுதான் வீட்டுக்குள் கஷ்டம் தொடங்கியது. "என்னாலதானே" என்று மனைவி சாப்பிடாமல் கிடந்தாள். என் பக்கத்துச் சொந்தத்தில் சிலர் அதைச் சொல்லாமல் சொன்னார்கள். பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைக்கவில்லை என்பதில் தொடங்கி, வெசாக் பார்க்கப் போனபோது பயந்திருப்பாள் என்பது வரை ஆளுக்கொரு காரணம். மரபணுவைத் தெரிவுசெய்து கொடுக்க யாராலும் முடியாது என்பதை நான் எல்லாருக்கும் ஒரே வசனத்தில் சொல்லிச் சொல்லி, கடைசியில் வாய் அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் மச்சாளின், அதாவது மனைவியின் தங்கையின் கலியாணப் பேச்சு. மாமாவிடம் இருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வர இரண்டுக்கு ஒன்று வாய்ப்பு. அண்ணனுக்கும் அப்படி, தங்கைக்கும் அப்படி. "கலியாணம் முடியட்டும், அதுக்குப் பிறகு சொல்லுவம்" என்றார் மாமி. தாய் மனம், விளங்கியது. ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்த நோய் உள்ளவர்களுக்கு மயக்க மருந்தே ஆபத்தாகலாம், சில மருந்துகளைக் கொடுக்கவே கூடாது. மனைவிக்குத் தெளியாமல் கிடந்தது அதனால்தான். தெரியாமல் ஒரு அப்பென்டிக்ஸ் ஒப்பரேஷனுக்குப் போனாலும் வில்லங்கம். சொல்வதா விடுவதா என்று நானும் மாமியும் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருக்க, மனைவி ஒருநாள் தானே தங்கையைக் கூட்டிக்கொண்டு டச் பே கடற்கரையில் போயிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மச்சாள் சோதித்துப் பார்த்தாரா, என்ன வந்தது என்பது அவருடைய விஷயம், இங்கே எழுதமாட்டேன். மாமாவைப் பற்றி எழுதலாம், அவரே எழுதச் சொன்னார். ஈசிஜியில் இதயத்துக்குள் மின்தூண்டல் கடத்துவது தாமதம் என்று வந்து, இப்போது இருதயக் கிளினிக்கில் காட்டுகிறார். அந்த ஈசிஜி எடுக்காமல் விட்டிருந்தால் ஒருநாள் தலைசுற்றி விழுந்த பிறகுதான் தெரிந்திருக்கும். மனைவியும் வருடத்துக்கு ஒருமுறை எடுக்கிறாள்.

காரணம் தெரியும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மகளின் பாதத்துக்கு வாராவாரம் பிளாஸ்டர் மாற்றும் பொன்செட்டி முறையைப் பிறந்த சில வாரத்திலேயே தொடங்கிவிட்டார்கள். தளர்ந்த பிள்ளையை அக்குளில் பிடித்துத் தூக்கக் கூடாது, ஒரு கை தலைக்கும் தோளுக்கும், மறு கை இடுப்புக்கும். விழித்திருக்கும்போது ஆள் பக்கத்தில் இருக்கக் கவிழ்த்து வைக்கலாம், உறக்கத்துக்கு மல்லாத்தித்தான். தடிமன் வந்தால் சளியைத் துப்ப இருமலுக்குப் பலம் இல்லை, அதனால் தடிமனை லேசாக எடுக்க முடியாது. பால் கொடுக்கும்போது முகம் நிறம் மாறினால், அடிக்கடி புரைக்கேறினால் விழுங்குவதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தடுப்பூசிகளை நிறுத்த வேண்டாம். சக்கரம் பூட்டிய வோக்கர் வேண்டவே வேண்டாம், யார் பரிசாகக் கொண்டுவந்தாலும்.

பயப்படத் தேவையில்லாத தளர்ச்சியும் இருக்கிறது. மாதம் குறைந்து பிறந்த பிள்ளைக்குப் பிறக்க வேண்டிய திகதியில் இருந்து வயதை எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் ஆள் பிடிக்காமல் உட்கார்ந்திருப்பதற்கு 9 மாதம் தாண்டும் வரைக்கும், தனியாக நடப்பதற்கு 17 மாதம் தாண்டும் வரைக்கும் இடம் இருக்கிறது. பலமும் சிரிப்பும் சரியாக இருந்து, வீட்டில் ஒரு பெரியப்பாவோ சித்தியோ குண்டியால் அரைந்து பிந்தி நடந்த கதையும் இருந்தால் பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஆனால் அதை டொக்டர் சோதித்து மற்றதையெல்லாம் கழித்த பிறகு சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லக்கூடாது. தெரிந்த வேலையை மறக்கும் பிள்ளை என்றால் அன்றைக்கே காட்டுங்கள்.

எங்கள் பைலின் முதல் பக்கம் இப்போது கையால் எழுதியது. துடிப்பு, தண்ணீர், பிறந்த எடை, எப்போது அழுதாள், எத்தனை நாள் ரியூப், சொந்தத்தில் யாருக்கு என்ன என்று ஒரு பக்கம், சிங்களத்திலும் ஒரு பிரதி. போனில் அரை நிமிட வீடியோக்கள்: அழும்போது முகம், கையைப் பிடித்து இருத்தும்போது தலை, மூச்சு விடும்போது நெஞ்சு. கிளினிக்கில் பிள்ளை உறங்கிவிட்டால் டொக்டருக்குக் காட்ட வேறு வழி கிடையாது. மனைவியின் பேர்ஸில் மயக்க மருந்து எச்சரிக்கை எழுதிய அட்டை ஒன்று எப்போதும் இருக்கிறது.

மகளுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. உட்கார்ந்திருப்பாள், சுவரைப் பிடித்து நிற்கப் பார்க்கிறாள். இந்தப் பிள்ளைகளில் அநேகமானோர் பிந்தியாவது நடக்கிறார்கள், படிப்பில் உதவி தேவைப்படும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். முகம் சிரிக்காது, கண் சிரிப்பதை எங்களுக்குப் பார்க்கத் தெரியும். அடுத்த பிள்ளை என்றால் ஒவ்வொரு தரமும் பாதிக்குப் பாதி. அதனால் கர்ப்பம் தரிக்க முன்னமே மரபணு டொக்டரோடு கதைக்க வேண்டும், பிறந்த பிள்ளைக்கு வென்டிலேட்டர் இருக்கும் இடத்தில் பிரசவம் திட்டமிட்டு நடக்க வேண்டும் என்று சொன்னார்கள். நாங்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மாமி மட்டும் வாரத்துக்கு ஒருதரம் கேட்கிறார்.